கிரில் கதவும் ஹெட் சிஸ்டரும்

ஹெட் சிஸ்டரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது ஒரு சாக்பீஸ் துண்டுதான். அவசர சிகிச்சைப் பிரிவின் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இங்கே டாக்டர் மேசை, இங்கே கட்டில், இங்கே வாசல். நோயாளியோடு வருகிறவர்கள் டாக்டருக்கும் வாசலுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள், ஏதாவது தகராறு என்றால் டாக்டர் எந்த வழியாக வெளியே போவார் என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார். நான் அந்த ஆஸ்பத்திரியின் மேனேஜர். கையில் கோப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "தகராறு உள்ள வந்தாத்தான சிஸ்டர்? வராம இருக்கத்தான் நான் கிரில் போடுதேன்" என்றேன். அவர் நிமிர்ந்து, "சரி அண்ணாச்சி, ஒருத்தன் உள்ள வந்த பொறவு பூட்டுனா?" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, நான் எழுதியதில் ஒருவர் குறை கண்டுபிடித்தால் போதும்.

இதை எழுதும்போதுகூட மூன்று தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கல்யாண மண்டபத்துக்குப் போனால் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் இரண்டாவது கதவு எங்கே என்றுதான் தேடுகிறேன். ஹோட்டலில் சுவர்ப்பக்கம் முதுகு வைத்து உட்கார இடம் கிடைக்காவிட்டால் பார்சல் கட்டச் சொல்லிவிடுகிறேன். "என்ன எழவோ, ஒரு எடத்துல பைய உக்காரத் தெரியாது இவுகளுக்கு" என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

பாளையங்கோட்டையில் நூறு படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி அது. சாலை விபத்தில் அடிபட்டு வந்த ஒருவர் இறந்துபோக, கூட வந்த கூட்டம் கண்ணாடிக் கதவுகளை நொறுக்கியது. ஒரு நர்ஸுக்கு நெற்றியில் நான்கு தையல். நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது, ஒரு திட்டம் எழுதிக் கொண்டு வா என்றது. எழுதினேன். பன்னிரண்டு பக்கம். தட்டச்சு செய்து, சுருள் கம்பி போட்டு, நீல அட்டையும் வைத்தேன். ஹெட் சிஸ்டர் அதை 'மேனேஜர் எழுதின சுவிசேஷம்' என்றுதான் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர் அவர், அந்தச் சொல்லை வைத்து அவர் கேலி செய்தது எனக்கு இரட்டை அவமானமாக இருந்தது.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் மூன்று விஷயங்கள்தான் சரக்கு. அவசரப் பிரிவு வாசலுக்கு இரும்பு கிரில், தகராறு கிளம்பினால் உடனே பூட்ட வேண்டும். நோயாளி இறந்துபோனால் போலீஸ் வந்து நிற்கும்வரை சொல்லக் கூடாது, 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று மட்டும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவரை மருந்து வாங்க, ரத்தம் கொண்டுவர என்று ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிட வேண்டும். பின்னால் சொன்ன இரண்டும் நானாகக் கண்டுபிடித்தவை அல்ல. பல இடங்களில் வாய்மொழியாக நடந்துகொண்டிருந்தது, நான் அதை அச்சிட்டு மரியாதை கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஹெட் சிஸ்டர் என்னைவிட இரண்டு வயது சிறியவர். பயந்த சுபாவம் கிடையாது, அதே சமயம் எல்லாருக்கும் நல்லவராக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. வார்டில் யாராவது ஊசியைத் திறந்தபடி வைத்திருந்தால் அடுத்த தெரு வரை கேட்கும்படி ஏசுவார். ஆனால் குழந்தைகளுக்கோ, ரத்தநாளமே தெரியாத கிழவர்களுக்கோ ஊசி ஏற்ற வேண்டும் என்றால் டாக்டர்களே அவரைத்தான் தேடுவார்கள். வலது கை விரல் நுனியால் தோலை இரண்டு முறை தடவிப் பார்ப்பார், மூன்றாவது முறை ஊசி உள்ளே போயிருக்கும். என் திட்டத்தைப் படித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். "செத்தவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லச் சொல்லுதீயளே, என்னத்தைப் பாக்கோம்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றார். இறந்த கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட வேண்டும், டாக்டர் உட்கார்ந்து சொல்ல வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உட்காரவைத்து, இறந்தவர் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும், பின்கதவு எப்போதும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் அடுக்கினார். நான் மேசையை மட்டும் அவர் சாக்பீஸ் கோடு போட்ட இடத்துக்கு மாற்றினேன். பின்கதவின் முன்னால் சலைன் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றேன். அந்த அடுத்த வாரம் நான்கு மாதம் ஆகியும் வரவில்லை.

அன்று தேரோட்டம். ஊரில் இருக்கிற போலீஸ் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுன் ரத வீதிகளில். மதியம் ஒரு மணி வாக்கில் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவனைப் பாம்பு கடித்திருந்தது. இருபத்தெட்டு வயது. கூட பத்துப் பன்னிரண்டு பேர். அவனுடைய அண்ணன்தான் அவனை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்தான், இடுப்பு வரை சேறு. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. டியூட்டி டாக்டர் படித்து முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், வியர்த்துக் கொட்டக் கொட்ட நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். இரண்டு பத்துக்கு நிறுத்தினார். ஹெட் சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு பத்து" என்று வாய்விட்டுச் சொன்னதாக டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த நிமிடம் சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, சொல்லிருவோமா?" நான் ஸ்டேஷனுக்குப் பேசினேன். தேர் நிலைக்கு வராமல் ஆள் அனுப்ப முடியாது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சொல்ல வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொன்னேன். "தப்பு அண்ணாச்சி" என்றார். "எழுதியிருக்கபடி செய்யுங்க சிஸ்டர்" என்று போனை வைத்தேன். பிறகு நானே இறங்கிப் போனேன். அண்ணன்காரன் வாசலில் நின்று போகிற வருகிற நர்ஸை எல்லாம் மறித்து, எந்தம்பி கண்ணு முழிச்சானா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். என் திட்டத்தின்படி வெளியே அனுப்ப வேண்டிய ஆள். அவன் தோளில் கை வைத்தேன். ஒரு சீட்டைக் கொடுத்து, இந்த ஊசி இங்கே இல்லை, டவுனில் கிடைக்கும், சீக்கிரம் வாங்கி வா என்றேன். தேர்க்கூட்டத்தில் போய் வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று நினைத்துத்தான் டவுன் என்று சொன்னேன். அந்த ஊசி எங்கள் மருந்துக் கடையிலேயே ஒரு பெட்டி நிறைய இருந்தது. அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான். அப்போது மணி இரண்டு இருபது.

உள்ளே வார்டு அக்கா, துடைத்துச் சுத்தம் செய்கிறவர், தன் வேலையைச் செய்தார். இறந்தவர் கால் விறைத்து அகன்றுவிடக் கூடாது என்று நம் வீடுகளில் உடனே இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இருபது வருடமாக அவர் ஆஸ்பத்திரியிலும் அதைச் செய்துவந்தார், யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணிப்பட்டையைக் கிழித்துக் கட்டினார், போர்வையைத் தலைவரை மூடாமல் நெஞ்சு வரை போர்த்தினார், ஏனென்றால் அவன் 'உயிரோடு' இருக்க வேண்டியவன். போர்வை நீளம் போதவில்லை, கட்டிய விரல்கள் வெளியே தெரிந்தன. பன்னிரண்டு பக்கம் எழுதியவனுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவில்லை.

மூன்று பத்துக்கு அவன் திரும்பி வந்துவிட்டான். போலீஸ் வரவில்லை. கையில் மருந்துப் பொட்டலம் இருந்ததால் காவலாளி அவனை மட்டும் உள்ளே விட்டார். நான் கிரில்லுக்கு வெளியே, பக்கத்தில்தான் நின்றேன். அவன் கட்டிலை நோக்கி நடந்ததும், கால்மாட்டில் போய் நின்றதும் தெரிந்தது. கட்டிய விரல்களைப் பார்த்தான். அப்புறம் ஒரு சத்தம் போட்டான், அது இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே இருந்த உறவினர்கள் அந்தச் சத்தம் கேட்டு வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். நான் கிரில்லை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். எழுதியிருந்தபடிதான் செய்தேன். காவலாளி மறித்த பத்துப் பேரும் நானும் வெளியே, அவன் உள்ளே, அவனோடு ஹெட் சிஸ்டரும் டாக்டரும் வார்டு அக்காவும்.

அவன் சலைன் மாட்டுகிற இரும்புக் கம்பத்தைத் தூக்கினான். டாக்டர் பின்கதவுக்கு ஓடிச் சலைன் பெட்டிகளில் மோதித் திரும்பி ஓடி வந்தார். கம்பம் டாக்டரின் தலைக்கு நேராக வந்தபோது ஹெட் சிஸ்டர் குறுக்கே வந்து வலது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கிரில்லுக்கு வெளியே எனக்குக் கேட்டது. சாவி என் கையில் இருந்தது. திறக்கலாம். திறக்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை, இதற்கு நல்ல பெயர் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. அவன் இரண்டாவது தடவை ஓங்கியபோது சிஸ்டர் பின்வாங்கவில்லை. "யய்யா, நில்லு. உன் தம்பி செத்துட்டான். செத்தவனை வச்சுக்கிட்டு உன்கிட்ட பொய் சொல்லிட்டோம். எங்க மேலதான் தப்பு" என்றார். அவன் அப்படியே நின்றான். கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சிஸ்டரும் கையைப் பிடித்தபடி அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். போலீஸ் வந்தபோது இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள், நான் அப்போதுதான் பூட்டைத் திறந்தேன்.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: "கேட்டைப் பூட்டினது யாரு?" நிர்வாகத்தின் வக்கீல் என் பக்கத்தில் நின்றார். "அவன்தான் சார், உள்ள போயிச் சாத்திக்கிட்டான்" என்றேன். நினைத்துச் சொன்னதுகூட இல்லை, வாயில் வந்துவிட்டது. பிறகு அதைத் திருத்த எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. ஊழியர்களை அடைத்துவைத்துத் தாக்கினான் என்று வழக்கு கனமானது. இறந்த நேரம் மூன்று மணி என்று கேஸ் சீட்டில் எழுதச் சொன்னதும் நான்தான். அண்ணன்காரன் ஜெயிலுக்குப் போனான். தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவன் வெளியே வரவில்லை.

கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த ஹெட் சிஸ்டரைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், வெட்கம் கெட்டவன். "பூட்டுனது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார். நிர்வாகம் அப்படிச் சொல்கிறது, இப்படிச் சொல்கிறது என்று இழுத்தேன். "நான் நிர்வாகத்தைக் கேக்கல. உங்களைக் கேக்கேன்" என்றார். ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் போலீஸிடம் உண்மையைத்தான் சொன்னார். அடிபட்ட அதிர்ச்சியில் இருந்ததால் யார் பூட்டியது என்பதைக் கவனிக்கவில்லை என்று அவர் பெயரில் எழுதிக்கொண்டார்கள். வலது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. ஊசி ஏற்ற முடியாத ஹெட் சிஸ்டர் எதற்கு என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார்.

நான் திட்டத்தை மாற்றி எழுதினேன். சிஸ்டர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது: இரண்டு கதவு, நாற்காலி, சீக்கிரம் சொல்வது, பெயரைச் சொல்வது, பொய் வேலை கொடுக்காமல் இருப்பது. பின்கதவுப் பெட்டிகளை என் கையாலேயே தூக்கி வெளியே வைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் அவசரப் பிரிவில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி, மறைக்கிறதுதான் அடிதடியில் முடிகிறது என்று பேசினேன், கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையைப் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். ஒரு தடவை மார்க்கெட்டில் ஹெட் சிஸ்டர் எதிரில் வந்தார், இடது கையில் பை. "ஊர் ஊராப் போயிப் பேசுதீயளாமே. நல்லா இருங்க" என்றார். கத்தரிக்காயை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, சாட்சி சொல்லச் சம்மன் வந்தது. நிர்வாகத்தின் வக்கீல் தினமும் போன் செய்தார், புகாரில் உள்ளதைச் சொன்னால் போதும், ஐந்து நிமிட வேலை என்றார். அந்த வாரம் முழுக்க நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கோர்ட் வராந்தாவில் ஹெட் சிஸ்டர் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவரும் சாட்சி. தள்ளி, தூண் பக்கம், ஜாமீனில் இருந்த அண்ணன்காரன் நின்றான். பாதி முடி நரைத்திருந்தது. "என்ன சொல்லப் போறீய?" என்று சிஸ்டர் கேட்டார். "தெரியல சிஸ்டர்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெரியலையாம்" என்றார் எதிர்ச் சுவரைப் பார்த்து.

கூண்டில் ஏறி நின்றேன். அரசு வக்கீல் சாதாரணமாகத்தான் கேட்டார், பதில் அவர் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது. "கதவைப் பூட்டியது எதிரிதானே?" எதிரி என்று குற்றம் சாட்டப்பட்டவனைத்தான் கோர்ட்டில் சொல்வார்கள். "நான்தான் பூட்டினேன்" என்றேன். சரியாகக் கேட்கவில்லை என்று நீதிபதி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். ஊசி விஷயத்தையும் நேரத்தையும் சொல்ல வாயைத் திறந்தேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்கள். நான் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். பொய்ப் புகார் கொடுத்ததற்கு என் மேல் நடவடிக்கை வரலாம் என்று வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வரட்டும்.

வெளியே வந்ததும் ஹெட் சிஸ்டர், "ஒரு வார்த்தைக்கு ஆறு வருசமா அண்ணாச்சி?" என்றார். அதில் மன்னிப்பு இருந்ததா என்று நான் தேடிப் பார்த்தேன். இல்லை. அதற்குள் அண்ணன்காரன் எங்களிடம் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன், என் புத்தி அப்படி.

"சார், ஒண்ணு கேக்கணும். எந்தம்பி எத்தனை மணிக்குச் செத்தான்?"

காகிதத்தில் மூன்று மணி என்று இருந்தது. சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பத்துக்கு" என்றேன்.

"நான் ஊசி வாங்கப் போனது அதுக்குப் பொறவுல்லா சார்?"

"ஆமா. சீட்டை உன் கையில குடுக்கும்போதே அவன் இல்லை. அந்த ஊசி எங்க கடையிலேயே இருந்தது. உன்னை வெளிய அனுப்பணும்னுதான் அனுப்பினேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, விரலை மடக்கி மடக்கி என்னவோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"திரும்பி வரும்போது ரத வீதி முக்குல மோர்ப் பந்தல் போட்டிருந்தாங்க சார். நாக்கு வறண்டு கண்ணு இருட்டிட்டு. நின்னு ரெண்டு டம்ளர் குடிச்சேன். வந்து சேரும்போது மூணு பத்து. கேஸ் காகிதத்துல மூணு மணிக்குப் போயிட்டான்னு எழுதிருக்கு. மோர் குடிக்காம ஓடி வந்திருந்தா மருந்து சேந்திருக்குமேன்னு..." தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றினான். "எங்க அம்மைகிட்டகூட இதைச் சொல்லல சார்."

"நீ பிந்தல யய்யா" என்றார் ஹெட் சிஸ்டர்.

அவன் வராந்தாப் படியில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதான். சிஸ்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.